புத்தகப் பொட்டலத்தை யார் சுமப்பது?

புது தில்லி: 2024ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதி இந்திய அஞ்சல் துறை ஒரு சேவையை நிறுத்தியது. நாடாளுமன்றத்தில் அதைக் குறித்துத் தனியே விவாதம் நடக்கவில்லை. பொதுமக்களுக்கு முன்னறிவிப்பும் இல்லை. புத்தகக் கட்டுகளோடு அஞ்சலகம் சென்ற பலரும், சேவை நின்றுபோன செய்தியை அங்கே பணியாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். 'பதிவுப் புத்தக அஞ்சல்' என்ற அந்தச் சேவை மறைந்ததால் பெரு நிறுவனம் எதுவும் பாதிக்கப்படவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் சிறு பதிப்பாளர்கள், பழைய புத்தக வணிகர்கள், வீட்டின் ஓர் அறையையே கிடங்காக வைத்துக்கொண்டு இணையத்தில் புத்தகமும் இசைத்தட்டும் விற்றுப் பிழைப்பவர்கள் ஆகியோரே. அதனால்தான் அந்தச் செய்தி தலைநகரில் பெரிய சலசலப்பை உண்டாக்கவில்லை.

'புக் போஸ்ட்' என்ற சொல் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதன்று. ஓரம் ஒட்டாத உறையில் அந்தச் சொல்லை எழுதித் திருமண அழைப்பிதழும் பொங்கல் வாழ்த்தும் அனுப்பிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அதன் பதிவு வடிவம்தான் புத்தக வணிகத்தின் முதுகெலும்பாக இருந்தது. ஐந்து கிலோ எடையுள்ள புத்தகக் கட்டினை நாட்டின் எந்த மூலைக்கும் சுமார் 80 ரூபாயில் அனுப்ப முடிந்தது. ஒரு கிலோவுக்குச் சுமார் 32 ரூபாய். அதே கட்டினைப் பதிவுப் பார்சலாக அனுப்பினால் ஐந்து கிலோவுக்கு 229 ரூபாயும், ஒரு கிலோவுக்கு 78 ரூபாயும் ஆனது. ஒரே நாளில் செலவு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அதுவும் எப்போது? ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் சென்னையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் புத்தகக் கண்காட்சிகள் நடந்து, ஆண்டின் பெரும்பகுதி விற்பனை கைகூடும் பருவத்துக்குச் சற்று முன்னால்.

இந்த முடிவை ஏதோ ஓர் அதிகாரியின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. அதன் வேர் சட்டத்தில் இருக்கிறது. 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம் ஆங்கிலேயர் இயற்றியதுதான். கடிதங்களை இடைமறிக்கும் அதிகாரம் உள்ளிட்ட குறைகள் அதில் உண்டு. எனினும் அதில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. கடிதம், அஞ்சலட்டை, புத்தகப் பொட்டலம், பதிவு பெற்ற செய்தித்தாள் ஆகிய ஒவ்வொன்றுக்குமான உச்சக் கட்டணம் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் எழுதப்பட்டிருந்தது. அதை உயர்த்த வேண்டுமானால் அரசு நாடாளுமன்றத்துக்கு வந்தாக வேண்டும். நிதி மசோதாவோடு அஞ்சல் கட்டண உயர்வும் அவைக்கு வருவதும், அஞ்சலட்டைக்கு ஐந்து காசு கூட்டினாலும் எதிர்க்கட்சிகள் எழுந்து நிற்பதும் ஒரு காலத்தில் வழக்கமான காட்சிகள்.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேறி, 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சலகச் சட்டம் அந்த அட்டவணையை அகற்றிவிட்டது. கட்டணம் உள்ளிட்ட சேவை விவரங்களை ஒழுங்குமுறைகள் வழியே வகுக்கும் அதிகாரம் அஞ்சல் துறைத் தலைமை இயக்குநரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின்கீழ் வந்த புதிய விதிமுறைகளோடுதான் பதிவுப் புத்தக அஞ்சலும் விடைபெற்றது. இரு அவைகளிலும் மசோதா விவாதிக்கப்பட்டபோது பேசப்பட்டதில் பெரும்பகுதி இடைமறிப்பு அதிகாரம் பற்றியதே. அது தேவையான விவாதம்தான். ஆனால் மக்கள் பிரதிநிதிகளின் கையிலிருந்து கட்டணக் கட்டுப்பாடு நழுவியதைக் குறித்து எழுந்த குரல்கள் மிகக் குறைவு. அதன் விலையை ஆறு மாதங்களுக்குள் புத்தகம் விற்போர் கொடுக்க நேர்ந்தது.

எதிர்ப்பு எழுந்த பிறகு அரசு ஓரளவு இறங்கி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்ற புதிய சேவை தொடங்கியது. முந்நூறு கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. பொட்டலம் எங்கே செல்கிறது என்பதை இணையத்தில் கண்டறியும் வசதியும் உண்டு. பார்சல் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய நிவாரணம். பழைய புத்தக அஞ்சலோடு ஒப்பிட்டால் ஐந்து கிலோ கட்டுக்கு வரியையும் சேர்த்துக் கணிசமான உயர்வு. அந்த உயர்வைக்கூட வணிகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். சிக்கல் கட்டணத்தில் இல்லை, நிபந்தனைகளில் இருக்கிறது.

கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த அச்சு நூல்களுக்கே இந்தச் சலுகை. வணிகத் தன்மையுள்ள வெளியீடுகளுக்கு இடமில்லை. குறித்த கால இடைவெளியில் வெளிவருபவற்றுக்கும் இடமில்லை. ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். படிப்பதற்கு நியாயமாகவே தோன்றும் இந்த நிபந்தனைகள் ஓர் அஞ்சலகத்தில் எப்படி வேலை செய்யும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். துப்பறியும் நாவல் பண்பாட்டு நூலா, வணிக வெளியீடா? சமையல் குறிப்பு கல்வியா, கேளிக்கையா? முகப்புப் பக்கம் கிழிந்துபோன எண்பது வயதுப் பழைய நூலில் பதிப்பாளர் பெயரை எங்கே தேடுவது? ஓர் அஞ்சலகப் பணியாளரை இலக்கிய விமர்சகராக்கும் விதி இது. ஓர் ஊரில் ஏற்கும் நூலை அடுத்த ஊரில் மறுப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

பழைய இதழ்களின் நிலை இன்னும் பரிதாபம். பதிவு பெற்ற பத்திரிகையை அதன் வெளியீட்டாளர் அஞ்சலில் சேர்க்கும்போது சலுகைக் கட்டணம் உண்டு. அதே பத்திரிகையின் நாற்பது ஆண்டுக்கு முந்தைய தொகுப்பை ஓர் ஆய்வாளருக்கு விற்கும் வணிகருக்கு அந்தச் சலுகை கிடையாது. பருவ இதழ் என்பதால் ஞான் போஸ்டிலும் இடம் இல்லை. தமிழின் சிற்றிதழ் வரலாற்றை எழுத முனையும் எவரும் நூலகங்களைவிடப் பழைய இதழ் வணிகர்களையே அதிகம் நம்ப வேண்டியிருக்கிறது என்பதை அத்துறையில் இருப்போர் அறிவர். இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு ஆகியவற்றுக்கோ பழைய சேவையிலும் இடம் இருந்ததில்லை, புதியதிலும் இல்லை.

அமெரிக்காவைச் சந்தைப் பொருளாதாரத்தின் தாயகம் என்கிறோம். அங்கே 1938ஆம் ஆண்டு அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் புத்தகங்களுக்கென ஏற்படுத்தப்பட்ட குறைந்த அஞ்சல் கட்டணம், 'மீடியா மெயில்' என்ற பெயரில் இன்றும் தொடர்கிறது. இசைத்தட்டும் படத்தகடும் அதில் அடக்கம். பிரான்ஸ் வேறு வழியில் சென்றது. பெரும் இணைய நிறுவனங்கள் பெயரளவுக்கு ஒரு காசு கட்டணத்தில் புத்தகங்களை வீட்டுக்கு அனுப்பிச் சிறு கடைகளை நசுக்குவதைத் தடுக்க, 35 யூரோவுக்குக் குறைவான புத்தக ஆணைகளுக்கு எல்லோரும் குறைந்தது 3 யூரோ அனுப்புக் கட்டணம் பெற வேண்டும் என்று 2023 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்தியது. வாங்குவோருக்கு இதனால் செலவு கூடுகிறது என்ற விமர்சனம் அங்கேயும் உண்டு. அந்த வழி நமக்குப் பொருந்தாமல் போகலாம். ஆனால் அனுப்புக் கட்டணமே சிறு வணிகரின் உயிர்நிலை என்பதை அந்நாட்டு நாடாளுமன்றம் புரிந்துகொண்டிருக்கிறது.

இந்தியாவில் அந்த உயிர்நிலை ஏன் இவ்வளவு நலிவாக இருக்கிறது என்பதை அறிய, இணைய வணிகம் இங்கே எதை ஏணியாக்கி மேலே ஏறியது என்பதை நினைவுகூர வேண்டும். பிளிப்கார்ட் 2007இல் பெங்களூரில் தொடங்கியது புத்தகக் கடையாகத்தான். அமேசான் 2013 ஜூனில் இந்தியாவில் கால் வைத்தபோது விற்றவை புத்தகங்களும் திரைப்படத் தகடுகளும்தாம். கெடாத பொருள், உடையாத பொருள், அளவு பார்த்து வாங்க வேண்டாத பொருள் என்பதால் புத்தகமே வாடிக்கையாளரைப் பழக்குவதற்கு ஏற்றதாக இருந்தது. பழகிய பின்பு கைப்பேசியும் துணிமணியும் வந்தன. 2018இல் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்துப் பிளிப்கார்ட்டின் சுமார் 77 சதவீதப் பங்கை வாங்கியபோது, புத்தகம் அந்தக் கணக்கில் ஒரு மூலையில்கூட இல்லை.

அந்தத் தள்ளுபடிப் போட்டியில் விழுந்த கடைகளின் பட்டியல் நீளமானது. கொல்கத்தா பார்க் தெருவின் மியூசிக் வேர்ல்டு 2013இல் மூடியது. மும்பையின் ரிதம் ஹவுஸ் 2016இல் மூடியது. தில்லி வசந்த் விகாரில் தேர்ந்த வாசகர்களின் புகலிடமாக இருந்த பேக்ட் அண்ட் பிக்ஷன் 2015இல் மூடியது. இசைக் கடைகளைப் பொறுத்தவரை இணைய வணிகத்தை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. பாடல் கைப்பேசிக்குள் புகுந்ததும் தகட்டின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் புத்தகத்தின் காலம் முடியவில்லை. விற்கும் இடம்தான் மாறியது.

தில்லியின் தரியாகஞ்ச் அதற்குச் சான்று. சுமார் அரை நூற்றாண்டு ஞாயிறுதோறும் நடைபாதையில் விரிந்திருந்த பழைய புத்தகச் சந்தை, போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டிய உயர் நீதிமன்ற உத்தரவால் 2019இல் அகற்றப்பட்டது. சில வாரப் போராட்டத்துக்குப் பின் ஆசப் அலி சாலையின் மகிளா ஹாட் வளாகத்துக்குள் வணிகர்களுக்கு இடம் கிடைத்தது. மறு ஆண்டே கொரோனா ஊரடங்கு. மே மாதத்தில் கொல்கத்தா கல்லூரித் தெருவில் உம்பன் புயலின் வெள்ளம் புத்தகங்களைக் கூழாக்கியது. இப்படி இடம் பறிபோனவர்களும் சரக்குப் பறிபோனவர்களும் சேர்ந்துதான் சமூக ஊடகங்களில் அட்டைப் படங்களை வெளியிட்டு விற்கத் தொடங்கினர். பணம் பெறுவதற்கு யுபிஐ வந்தது. அதற்கு வணிகரிடம் கட்டணம் இல்லை. பத்தாண்டுகளில் சிறு வணிகருக்கு அரசு செய்த பேருதவி அதுவே என்று தயங்காமல் சொல்லலாம். பணம் நொடியில் வந்துவிடுகிறது. அந்தப் பணத்துக்கு உரிய புத்தகம் போய்ச் சேரும் வழிதான் குறுகிக்கொண்டே வருகிறது.

பெரிய தளங்களில் விற்பதே இதற்கு விடை என்போர் அங்குள்ள கணக்கைப் பார்த்ததில்லை. விற்ற விலையில் கமிஷன், ஒவ்வோர் ஆணைக்கும் நிலையான கட்டணம், எடைக்கேற்ப அனுப்புக் கட்டணம் ஆகியவை கழிந்த மீதிதான் விற்றவருக்கு வரும். இருநூறு ரூபாய்ப் பழைய புத்தகத்தில் இந்தக் கழிவுகள் போக மிஞ்சுவது தேநீர்ச் செலவுக்குக் காணும். வாங்கியவர் திருப்பி அனுப்பிவிட்டால் அதுவும் இல்லை. படித்து முடித்துவிட்டுத் திருப்புவோரும், மாற்று நூலை உறைக்குள் வைத்துத் திருப்புவோரும் உண்டு என்பது இத்தொழிலில் உள்ள எவரிடம் கேட்டாலும் கிடைக்கும் பதில். இது போதாதென்று, அதே நூலின் கள்ளப் பதிப்பு அதே பக்கத்தில் பாதி விலைக்கு நிற்கும். அதை விற்பவருக்குப் பதிப்பாளருக்கும் எழுத்தாளருக்கும் கொடுக்க வேண்டிய பங்கு இல்லாதபோது, நேர்மையாக விற்பவர் எந்த விலையில் போட்டியிடுவது?

தளம் என்பது சந்தைத் திடல். அதன் உரிமையாளரே அதில் கடை விரிக்கக் கூடாது என்பதுதான் அன்னிய முதலீட்டு விதிகளின் சாரம். ஆனால் 2019இன் தொடக்கத்தில் அமேசானின் இந்தியத் தள விற்பனையில் சுமார் 35 சதவீதம், அந்நிறுவனம் மறைமுகமாகப் பங்கு வைத்திருந்த இரண்டு விற்பனையாளர்களிடம் இருந்ததாக ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2021இல் ஆவணங்களோடு வெளியிட்டது. அவற்றுள் ஒன்றான கிளவுட்டெயில் 2022இல் விற்பனையை நிறுத்தியது. சில விற்பனையாளர்களுக்கு மட்டும் சலுகை காட்டப்படுகிறதா என்று விசாரிக்கப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. அந்த விசாரணையை நிறுத்த இரு நிறுவனங்களும் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. 2024இல் அறிக்கை தயாராகி, விதிமீறல் நடந்திருப்பதாக அதில் கண்டறியப்பட்டதென்ற செய்தி வந்தது. அதன் பின்னும் வழக்குகள். நாலரை ஆண்டில் தயாராகும் ஓர் அறிக்கை, அதற்குள் கடையை மூடிவிட்டவருக்கு எந்த வகையில் பயன்படும்?

வரி விஷயத்தில் ஒரு நுட்பமான அநீதி ஒளிந்திருக்கிறது. அச்சிட்ட புத்தகத்துக்குச் சரக்கு, சேவை வரி கிடையாது என்பது அரசு பெருமையோடு சொல்லும் செய்தி. உண்மையே. ஆனால் வரி விலக்குப் பெற்ற பொருளை விற்பவர், தாம் செலுத்திய வரியைத் திரும்பப் பெற முடியாது. தளத்தின் கமிஷனுக்கு 18 சதவீத வரி, கூரியர் கட்டணத்துக்கு 18 சதவீத வரி. இவையெல்லாம் மற்ற வணிகருக்குக் கழித்துக்கொள்ளக்கூடியவை, புத்தக வணிகருக்கு முழுச் செலவு. புத்தகத்தை மட்டுமே விற்றால் பதிவு தேவையில்லை. அவரே ஒரு பெரிய தளத்தின் வழியாகப் பழைய கிராமபோன் தட்டு ஒன்றை வேறு மாநிலத்துக்கு விற்க முற்பட்டால் கதை மாறுகிறது. இசைத்தட்டுக்கு வரி 18 சதவீதம். தளத்தின் வழியாக மாநில எல்லை கடந்து வரிக்குரிய பொருளை விற்பவர், ஆண்டு விற்றுமுதல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும். 2023 அக்டோபரில் தரப்பட்ட தளர்வு மாநிலத்துக்குள் விற்போருக்கு மட்டுமே. நொய்டாவில் இருப்பவர் பக்கத்துத் தில்லிக்கு ஒரு தட்டு விற்பதும் மாநிலம் கடந்த வணிகம்தான். தெருவில் கடை போட்டு விற்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. இணையத்தில் விற்பவருக்கு உண்டு. டிஜிட்டல் இந்தியா என்று முழங்குவோர் இதற்கு விளக்கம் அளிக்க வேண்டும். வருமான வரியில் தளங்கள் பிடித்தம் செய்யும் விகிதம் 2024 அக்டோபரில் ஒரு சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாகக் குறைக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. அதே கண்கொண்டு பதிவு விதியையும் பார்த்தால் என்ன?

வெளிநாட்டு வாசகரை நம்பி இருந்தவர்களுக்கு 2025இல் இன்னொரு அடி. சிறு மதிப்புப் பார்சல்களுக்கு இருந்த சுங்க விலக்கை அமெரிக்கா நீக்கியதைத் தொடர்ந்து, அந்நாட்டுக்கான பெரும்பாலான அஞ்சல் பொருள்களை ஏற்பதை இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் நிறுத்தி வைத்தது. அக்டோபர் நடுவில்தான் மீண்டும் தொடங்கியது. பெரிய ஏற்றுமதியாளருக்குத் தனியார் விரைவு நிறுவனங்கள் இருந்தன. ஒற்றைப் புத்தகத்தை அமெரிக்கத் தமிழருக்கு அனுப்புபவருக்கு, அந்தக் கட்டணம் புத்தகத்தின் விலையைப் போலப் பல மடங்கு. அதே ஆண்டில் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டு, மெதுவாகப் போனாலும் மலிவாகப் போகட்டும் என்று எண்ணுவோருக்கு இருந்த மற்றொரு வழியும் அடைபட்டது.

அஞ்சல் துறை நட்டத்தில் நடக்கிறது, சலுகைகளை எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்கலாம். அர்த்தமுள்ள கேள்விதான். ஆனால் சுமார் 1,65,000 அஞ்சலகங்களும் அவற்றை இணைக்கும் ஊர்திகளும் புத்தகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இயங்கியே ஆக வேண்டியவை. பத்தில் ஒன்பது கிராமப்புறத்தில் இருக்கின்றன. காலி இடத்தோடு ஓடும் ஊர்தியில் ஒரு புத்தகக் கட்டினை ஏற்றுவதால் கூடும் செலவு என்ன, அதை ஏற்றாததால் இழக்கும் வருவாய் என்ன என்ற கணக்கைத் துறை பொதுவெளியில் வைத்ததாகத் தெரியவில்லை. பார்சல் கட்டணத்தைக் கட்டி அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தால் அது தவறான கணிப்பு. இருநூறு ரூபாய்ப் பொருளுக்கு நூறு ரூபாய் அனுப்புக் கூலி கொடுக்கும் வாசகர் இல்லை. ஆணை ரத்தாகும், அஞ்சலுக்கு இருபது ரூபாய்கூட வராது. தனியார் கூரியர்கள் எட்டிப் பார்க்காத சிற்றூர்களில் வாழும் வாசகருக்கு வேறு கடையும் கிடையாது, நூலகமும் பெரும்பாலும் கிடையாது.

கேட்பது பெரிய சலுகை அன்று. ஞான் போஸ்டில் 'வணிகத் தன்மை' என்ற சொல்லை நீக்கி, அச்சு நூல் எதுவானாலும் ஏற்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை போதும். பழைய பருவ இதழ்களையும் ஒலி, ஒளித் தகடுகளையும் சேர்க்க இன்னொரு வரி போதும். அந்தக் கட்டணத்தின் மீதான வரியை நீக்குவது ஜிஎஸ்டி மன்றத்தின் ஒரே அமர்வில் முடியக்கூடிய வேலை; அந்த மன்றத்தில் தமிழ்நாடு உள்பட எல்லா மாநில நிதியமைச்சர்களுக்கும் இடம் உண்டு, இதை எழுப்புவதற்குக் கட்சி வேறுபாடு தடையாக இருக்க வேண்டியதில்லை. சட்டத்தைத் திருத்திக் கட்டண அட்டவணையை மீண்டும் நாடாளுமன்றத்தின் பார்வைக்குக் கொண்டுவருவதுதான் கடினமானது. தகவல் தொடர்புத் துறையின் மானியக் கோரிக்கையை ஆராயும் நிலைக்குழுவில் நம் உறுப்பினர்கள் முதலில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: டிசம்பர் 18க்கும் மே 1க்கும் இடையே சலுகைக் கட்டணம் இல்லாதிருந்த நான்கு மாதங்களில் அஞ்சலகங்களுக்கு வந்த புத்தகப் பொட்டலங்கள் எத்தனை, அதற்கு முந்தைய ஆண்டின் அதே மாதங்களில் வந்தவை எத்தனை? அந்த இரண்டு எண்களும் துறையின் கணினியில் இருக்கின்றன.